பெயர் பொறிக்க இடமில்லாத மலை

சிரவணபெளகொளவில் இரண்டு குன்றுகள் இருக்கின்றன. பெரிய குன்றில் தம்பி நிற்கிறான். சின்னக் குன்றில் அண்ணன் நிற்கிறான். சனம் முழுவதும் தம்பியைப் பார்க்கத்தான் போகிறது.

சில வருடங்களுக்கு முன்னர் ஊடகப் பயிற்சி ஒன்றுக்காக பெங்களூர் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நானும் அங்கே போனேன். ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தூரம். எனக்கு அதுவரை பாகுபலி என்றால் திரைப்படம்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு 600க்கும் மேற்பட்ட படிகளை ஏறி உச்சிக்குப் போனால், ஒரே கல்லில் செதுக்கிய 57 அடிச் சிலை நிற்கிறது. உடம்பில் ஆடையில்லை, கையில் ஆயுதமில்லை. கால்களைச் சுற்றிப் புற்றும் பாம்பும். தொடையிலிருந்து தோள்வரை கொடி படர்ந்திருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கங்க அரசின் அமைச்சரும் படைத்தளபதியுமாக இருந்த சாமுண்டராயர் செய்வித்த சிலை அது. அவர் செய்வித்தார் என்ற செய்தி காலடியில் கன்னடம், தமிழ், மராத்தி என மூன்று மொழிகளில் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழ் இருப்பதே எனக்குத் தெரியாது. பழைய எழுத்து என்பதால் வாசிக்கவும் முடியவில்லை. கூட வந்தவர் காட்டித்தான் தெரிந்தது.

இறங்கி வந்து எதிரே உள்ள சந்திரகிரி என்ற சின்னக் குன்றில் ஏறினோம். அங்கே பழைய சமணக் கோயில்களுக்கு அருகில், திறந்த வெளியில், ஒன்பதடி உயரமான சிலையொன்று நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே அது செதுக்கி முடிக்கப்படவில்லை. நிலத்துக்குள் முழங்கால்வரை புதைந்து நிற்கிறவனைப் போல இருக்கிறது. அதுதான் பரதன். உலகத்தின் ஆறு பகுதிகளையும் வென்றவன் என்று சமணர் சொல்லும் முதற் சக்கரவர்த்தி.

அன்றிலிருந்து பரதனைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்து வருகிறேன். யுத்தத்தில் தோற்ற பக்கத்திலிருந்து வந்த ஒருத்திக்கு, வென்றவனின் கதையில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது சாசனத்தை வைத்து நிறுவக்கூடிய வரலாறு அல்ல. சமண மரபு 63 பெருமக்களைக் கணக்கிடுகிறது. அவர்களில் 24 பேர் தீர்த்தங்கரர்கள், 12 பேர் சக்கரவர்த்திகள். இராமனும் இலக்குவனும் இராவணனும்கூட அந்தப் பட்டியலில் வருகிறார்கள். பரதனின் கதையை 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் ஆதிபுராணம் என்று சமஸ்கிருதத்தில் எழுதினார். அதை முடிக்கும் முன்னரே அவர் இறந்துபோக, மாணவர் குணபத்திரர் எழுதி முடித்தார். 941இல் பம்பன் அதைக் கன்னடத்தில் பாடினான். 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் ஹேமசந்திரர் தன் வழியில் சொன்னார். தமிழிலும் மணிப்பிரவாள நடையில் ஸ்ரீபுராணம் இருக்கிறது. ஜினசேனர் திகம்பரர், ஹேமசந்திரர் சுவேதாம்பரர். இரண்டு மரபும் பல இடங்களில் வேறுபடும். வேறுபடும் இடங்களில் நான் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

சமணம் எமது தீவுக்கும் புதியதல்ல. பண்டுகாபய மன்னன் அனுராதபுரத்தில் நிகண்டருக்கு, அதாவது சமணத் துறவிகளுக்கு, உறைவிடம் அமைத்துக் கொடுத்தான் என்று மகாவம்சமே சொல்கிறது. பின்னாளில் தமிழ்ப் படையிடம் தோற்று ஓடிய வட்டகாமணி அபயனைப் பார்த்துக் கிரி என்ற நிகண்டர் ஏளனமாகக் கத்தினார் என்றும், அவன் மீண்டும் வென்று வந்ததும் அந்த ஆராமத்தை இடித்து அவ்விடத்தில் அபயகிரி விகாரையைக் கட்டினான் என்றும் அதே நூல் சொல்கிறது. வென்று வந்தவர்கள் செய்வதற்கு ஒரு பழைய உதாரணம்.

பரதனுக்கு வருவோம்.

அயோத்தியில் ரிஷபதேவரின் மூத்த மகனாகப் பிறந்தவன் பரதன். மனிதருக்கு உழவையும் தொழில்களையும் கற்றுக்கொடுத்தவர் என்று சமணர் போற்றும் முதல் தீர்த்தங்கரர்தான் ரிஷபர். மகள் பிராமிக்கு எழுத்தையும், மகள் சுந்தரிக்கு எண்ணையும் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். ஆண் பிள்ளைகள் நூறு பேர். பரதனுக்கு அடுத்துப் பேசப்படுகிறவன் மற்றத் தாயின் மகனான பாகுபலி.

ஒருநாள் அரசவையில் நீலாஞ்சனை என்ற நடனமாது ஆடிக்கொண்டிருக்கும்போதே உயிர் முடிந்து மறைந்துபோகிறாள். ஆட்டம் தடைப்படக்கூடாது என்று இந்திரன் அந்தக் கணமே அவளைப் போலவே இன்னொருத்தியை அங்கே நிறுத்துகிறான். சபையில் யாரும் கவனிக்கவில்லை. ரிஷபர் கவனித்துவிட்டார். அயோத்தியைப் பரதனுக்கும், போதனபுரத்தைப் பாகுபலிக்கும், மிச்ச நிலங்களை மற்றப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்டார்.

பிறகு ஒரே நேரத்தில் பரதனுக்கு மூன்று செய்திகள் வருகின்றன. தந்தை கேவல ஞானம் அடைந்துவிட்டார். அரண்மனையில் மகன் பிறந்திருக்கிறான். ஆயுதசாலையில் சக்கரம் தோன்றியிருக்கிறது. அந்தச் சக்கரம் தோன்றினால் அவன் உலகத்தை வெல்லப் பிறந்தவன் என்று பொருள். எதற்கு முதலில் போவது? பரதன் தந்தையை வணங்கத்தான் முதலில் போனான். இந்த இடத்தைப் புராணங்கள் விடாமல் சொல்கின்றன. அவன் கெட்டவனாகத் தொடங்கவில்லை என்பதை நாங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

பிறகு சக்கரத்தின் பின்னால் படை புறப்பட்டது. திக்குவிசயம் 60,000 வருடங்கள் நடந்தது என்பது புராணக் கணக்கு. கிழக்கே கங்கை கடலோடு சேரும் இடம், பிறகு தெற்கு, மேற்கு, வடக்கே மலைக் குகையொன்றின் கதவை உடைத்துக்கொண்டு மறுபக்கம். அங்கே மிலேச்சர் என்று நூல்கள் குறிப்பிடும் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களுக்காக நாக தேவர்கள் ஏழு நாட்கள் மழை பொழிந்தார்கள். பரதனின் படை கீழே தோலையும் மேலே குடையையும் விரித்து நடுவில் பிழைத்துக்கொண்டது. மிலேச்சர் பக்கத்துக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

எல்லாம் வென்று முடித்த பிறகு ரிஷபாசல மலைக்கு வருகிறான் பரதன். அதன் பாறையில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும். அது சக்கரவர்த்திகளின் வழக்கம். இதுவரை எவனும் செய்யாததைச் செய்துவிட்டேன் என்ற நினைப்போடு, காகிணி என்ற மணியைக் கையில் எடுத்துக்கொண்டு பாறையருகே போனால், எழுத இடமில்லை. பாறை முழுவதும் பெயர்கள். அவனுக்கு முன்பு, எண்ண முடியாத காலங்களில், இதே உலகத்தை முழுவதுமாக வென்ற சக்கரவர்த்திகளின் பெயர்கள். அவர்களில் ஒருவனைக்கூட அவன் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் ஒரு பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் தன் பெயரை எழுதினான்.

ஜினசேனர் இதைச் சொல்லும் விதத்தில் ஒரு கூர்மை இருக்கிறது. பரதனின் செருக்கு அந்த இடத்தில் உடைந்தது என்கிறார். ஆனாலும் அவன் எழுதாமல் திரும்பவில்லை. இன்னொருவனின் பெயரை அழிக்கும்போது, நாளை தன் பெயருக்கும் இதுதான் நடக்கும் என்று தெரிந்துகொண்டே அழித்தான். ஏ9 வீதியால் போய்வரும் எங்களுக்கு, வெற்றியைக் கல்லில் எழுதுவது என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கற்களை அங்கே நட்டவர்களில் யாராவது இந்தக் கதையை வாசித்திருப்பார்களா என்று பஸ் யன்னலால் பார்க்கும்போது சில நேரம் யோசிப்பேன்.

திரும்பி அயோத்திக்கு வந்தபோது சக்கரம் நகர வாசலில் நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை. புரோகிதரை அழைத்துக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. வெல்ல வேண்டியவர்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள்: சொந்தச் சகோதரர்கள்.

தூதர் போனார்கள். பாகுபலியைத் தவிர்ந்த மற்றத் தம்பிமார் நேரே தந்தையிடம் போனார்கள். நீங்கள் பிரித்துத் தந்த நிலத்தை அண்ணன் கேட்கிறான், பணிவதா, சண்டை பிடிப்பதா என்று கேட்டார்கள். ஹேமசந்திரரின் நூலில் ரிஷபர் அவர்களுக்கு ஒரு கரி சுடுகிறவனின் கதையைச் சொல்கிறார். காட்டில் வெயிலிலும் அடுப்பு நெருப்பிலும் வெந்தவன், கொண்டுபோன தண்ணீர் முழுவதையும் குடித்துவிடுகிறான். தாகம் அடங்கவில்லை. களைத்துத் தூங்குகிறான். கனவில் வீட்டுக் குடங்கள், குளங்கள், ஆறுகள், கடல்கள் எல்லாவற்றையும் குடிக்கிறான். அப்போதும் அடங்கவில்லை. கடைசியில் ஒரு வறண்ட கிணற்றில் புல்லைத் தோய்த்து, அதில் சொட்டும் துளியை நக்குகிறான். கடல்களால் தீராத தாகம் இதிலா தீரப்போகிறது என்பது ரிஷபரின் கேள்வி. 98 பேரும் அங்கேயே துறவு பூண்டார்கள். பரதனுக்கு அவர்களின் நிலம் சண்டையில்லாமல் கிடைத்தது.

பாகுபலி அப்படிச் செய்யவில்லை. அண்ணன் என்று வந்தால் வணங்குவேன், வாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தால் வணங்கமாட்டேன் என்பதுதான் அவன் தூதனிடம் சொல்லியனுப்பியதன் சாரம். இருவருக்கும் நிலம் தந்தது ஒரே தகப்பன்தான் என்பது அவனுடைய நியாயம்.

இரண்டு படைகளும் எதிரெதிரே வந்து நின்றன. நான் பலதடவை திரும்பத் திரும்ப வாசித்த பகுதி இதுதான். இரண்டு பக்கத்து அமைச்சர்களும் கூடிக் கதைக்கிறார்கள். இந்தச் சகோதரர் இருவருக்கும் இதுவே கடைசிப் பிறவி, இந்த உடலோடு முத்தியடையப் போகிறவர்கள், ஆகவே இந்த யுத்தத்தில் இவர்கள் இருவரும் சாகப்போவதில்லை, சாகப்போவது படையும் சனமும்தான் என்று அவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். அதைக் கொண்டுபோய் இரு அரசருக்கும் சொல்கிறார்கள். அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். படைகள் ஆயுதத்தைத் தொடாமல் விலகி நின்று பார்க்க, இருவரும் தனியாக மோதி முடிவு காண்பது என்று தீர்மானமாகிறது.

2009இல் எனக்கு இருபது வயதும் ஆகவில்லை. தலைவர்கள் தங்களுக்குள் மோதி முடித்துக்கொண்ட யுத்தம் எதையும் நான் கண்டதில்லை. புராணத்தின் வேறு அற்புதங்களையெல்லாம் நம்பிவிடலாம் போலிருக்கிறது, மழையைக் குடையால் மறித்ததைக்கூட. இந்த அமைச்சர்களைத்தான் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அன்று சாவதற்கென்று வந்து, சாகாமல் நின்றுகொண்டிருந்த அந்தப் படையினரைப் பற்றி எந்த நூலும் அதற்குமேல் எழுதவில்லை. ஒரு செய்தியாளராக நான் முதலில் தேடிப்போய்க் கதைத்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

மூன்று போட்டிகள். முதலாவது கண்ணிமைக்காமல் ஒருவரையொருவர் பார்ப்பது. பாகுபலி 525 வில் உயரம், பரதன் 500 வில் என்பது மரபு. அண்ணாந்து பார்த்தவனின் கண்தான் முதலில் இமைத்தது. இரண்டாவது தண்ணீருக்குள் நின்று நீரை வாரி இறைப்பது. பரதன் இறைத்தது தம்பியின் மார்புவரைதான் எட்டியது. தம்பி இறைத்தது பரதனின் முகத்தில் விழுந்தது. மூன்றாவது மற்போர். பாகுபலி அண்ணனை அப்படியே தலைக்குமேல் தூக்கிவிட்டான். தூக்கியவன் நிலத்தில் அடிக்கவில்லை, மூத்தவன் என்பதால்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்றிலும் தோற்ற பரதன், சக்கரத்தை நினைத்தான். வந்தது. தம்பியின்மேல் ஏவினான். ஒப்புக்கொண்ட விதிகளில் அது இல்லை. சக்கரம் பாகுபலியைச் சுற்றி வந்து, அவனுக்கு எதுவும் செய்யாமல் நின்றுவிட்டது. சொந்த இரத்தத்தை அது வெட்டாது.

ஹேமசந்திரரின் கதையில் கோபத்தில் பாகுபலி அண்ணனை அடிக்க முட்டியை ஓங்குகிறான். ஓங்கிய நிலையிலேயே யோசனை வருகிறது. அண்ணனை அடிக்கக்கூடாது, ஓங்கிய கையைச் சும்மா இறக்கவும் முடியாது. அதே கையால் தன் தலைமயிரைப் பிடுங்கி எறிந்து துறவியாகிறான். ஜினசேனரிடம் அந்த முட்டி இல்லை, ஆனால் முடிவு ஒன்றுதான். வென்றவன் மண்ணை விட்டுப் போய்விட்டான். தோற்றவனுக்குச் சக்கரவர்த்திப் பட்டம்.

பாகுபலி ஒரு வருடம் அசையாமல் நின்றான். கொடி படர்ந்தது, புற்று எழுந்தது. ஆனாலும் ஞானம் வரவில்லை. இளைய வயதில் தனக்கு முன்னர் துறவு பூண்ட தம்பிமாரை வணங்க மனம் இடம் தராத செருக்குத்தான் தடை என்றும், சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் வந்து யானையிலிருந்து இறங்கச் சொன்ன பிறகே அது விலகியது என்றும் சுவேதாம்பரர் சொல்வார்கள். திகம்பரர் சொல்வது வேறு. அண்ணனின் மனதை நோகடித்துவிட்டேனே என்ற ஒரு முள் உள்ளே இருந்தது. பரதன் வந்து காலில் விழுந்து வணங்கினான், முள் விலகியது. கோவில்பட்டிக்கு அருகில் கழுகுமலைப் பாறையில் பாகுபலியும் பக்கத்தில் இரு சகோதரிகளுமாக ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதில் பரதன் இல்லை.

பெரும்பாலானவர்கள் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். ஏனென்றால் பரதன் உயிரோடு இருக்கிறான், அரசாள்கிறான். 14 இரத்தினங்கள், ஒன்பது நிதிகள், 32,000 முடிமன்னர்கள், அந்தப்புரத்தில் 96,000 பேர். இன்னொரு மரபில் 64,000 பேர். தம்பிமார் 99 பேரில் ஒருவனும் இல்லை.

ஹேமசந்திரர் ஒரு காட்சி எழுதுகிறார். பரதன் துறவியான தம்பிமாரிடம் போய், எடுத்த எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன், வாருங்கள் என்கிறான். விட்டதைத் திரும்ப எடுப்பதில்லை என்று மறுக்கப்படுகிறது. சரி, சாப்பாடாவது கொடுப்போம் என்று 500 வண்டிகளில் உணவு கொண்டுபோகிறான். தமக்கென்று சமைத்துக் கொண்டுவந்ததைத் துறவிகள் ஏற்கமாட்டார்கள். அதுவும் திரும்பி வருகிறது. உலகத்தைப் பிடுங்கியவனால் தம்பிமாருக்கு ஒருவேளை சோறு கொடுக்க முடியவில்லை.

அந்தச் சாப்பாட்டை என்ன செய்வது? ஒழுக்கமுள்ள இல்லறத்தாருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். பரதன் அப்படியே செய்தான். அவர்களைத் தன் வாசலிலேயே நாளும் சாப்பிட வைத்தான். அதற்கு ஒரேயொரு நிபந்தனை போட்டான். ஒவ்வொரு நாளும் அவர்கள் அவனிடம் சொல்ல வேண்டும்: நீ வெல்லப்பட்டுவிட்டாய், அச்சம் வளர்கிறது, ஆகவே கொல்லாதே, கொல்லாதே என்று. அவர்கள் சொன்னார்கள். முதலில் அவனுக்கு விளங்கவில்லையாம். யார் என்னை வென்றது என்று யோசித்தானாம். பிறகு, உள்ளே இருக்கும் பகைகள்தான் என்று விளங்கியதாம். விளங்கிய பிறகும் பழைய வாழ்க்கைக்கே போனான், மறுநாள் மறுபடியும் கேட்டான் என்று ஹேமசந்திரர் ஒளிக்காமல் எழுதுகிறார். கொல்லாதே என்ற அந்த மாஹண என்ற சொல்லிலிருந்துதான் பிராமணர் என்ற பெயர் வந்தது என்பது சமண விளக்கம். அந்த விளக்கம் ஒருபுறம் இருக்கட்டும். வென்றவன் தானே சம்பளம் கொடுத்து, நீ தோற்றவன் என்று தினமும் தனக்குச் சொல்லவைத்தான் என்பதை நான் வேறு எந்த அரசன் கதையிலும் வாசித்ததில்லை.

பரதனைப் புகழச் சொல்லப்படும் இன்னொரு கதை எனக்குப் பிடிக்காது. இவ்வளவு செல்வத்துக்குள் இருந்துகொண்டு இவன் எப்படிப் பற்றற்றவனாக இருக்க முடியும் என்று ஒருவன் சந்தேகப்படுகிறான். பரதன் அவன் கையில் எண்ணெய் நிறைந்த கிண்ணத்தைக் கொடுத்து நகரத்தைச் சுற்றி வரச் சொல்கிறான். ஒரு துளி சிந்தினாலும் கூட வரும் வீரர்கள் தலையை வெட்டுவார்கள். வழியெல்லாம் ஆட்டமும் பாட்டும். திரும்பி வந்தவன் எதையும் பார்க்கவில்லை என்கிறான். நானும் அப்படித்தான் என்கிறான் பரதன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் மனதின் அமைதியை விளக்க இன்னொருவனின் கழுத்தில் வாளை வைத்த அரசன் அவன். கழுத்தில் வாளோடு நடந்தவர்களுக்கு அந்தக் கிண்ணக்காரனின் பெயர்தான் முதலில் தெரியவேண்டும்போல் இருக்கும். கதை அவன் பெயரைச் சொல்வதில்லை.

16ஆம் நூற்றாண்டில் கன்னடக் கவி ரத்னாகரவர்ணி, தம்பியை விட்டுவிட்டுப் பரதனையே நாயகனாக்கி பரதேச வைபவம் என்று ஒரு பெருங்காவியம் பாடினார். அதில் அவன் அரச போகத்திலும் யோகியாக இருக்கிறான்.

முடிவு ஒரு கண்ணாடியின் முன்னால் நடக்கிறது. குணபத்திரர் எழுதியது: முகம் பார்த்தபோது ஒரு நரைமுடி தெரிந்தது, அது போதுமாக இருந்தது. சுவேதாம்பரர் சொல்வது: விரலிலிருந்து மோதிரம் ஒன்று கழன்று விழுந்தது. அது இல்லாத விரல் வெறுமையாகத் தெரிந்தது. மற்ற விரல்கள் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினான். பிறகு காப்பு, மாலை, குண்டலம், கடைசியில் முடி. எல்லாம் கழன்ற பிறகு எதிரே நின்ற உடம்பைப் பார்த்தான். அங்கேயே ஞானம் வந்தது. தம்பி ஒரு வருடம் கொடியும் புற்றுமாக நின்று பெற்றதை அண்ணன் அரண்மனைக்குள் கொஞ்ச நேரத்தில் பெற்றுவிட்டான். இது நியாயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தினமும் வாசலில் சாப்பிட்டுவிட்டு, நீ வெல்லப்பட்டுவிட்டாய் என்று சொன்னவர்களின் குரலையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன். எல்லாச் சக்கரவர்த்திகளுக்கும் இது கிடைத்துவிடவில்லை. 12 பேரில் சுபூமனும் பிரமதத்தனும் ஏழாம் நரகத்துக்குப் போனார்கள் என்று அதே மரபு எழுதி வைத்திருக்கிறது.

துறவியாகிய பரதன் கைலாயத்தில், தந்தை முத்தியடைந்த மலையிலேயே, உயிர் துறந்தான். பாரதம் என்ற நாட்டின் பெயர் ரிஷபரின் மகன் பரதனால் வந்தது என்று சமண நூல்கள் மட்டுமல்ல, விஷ்ணு புராணமும் பாகவதமும் சொல்கின்றன. பாறையில் இடமில்லாமல் போன பெயர்.

அன்று சந்திரகிரியில் நாங்கள் நின்றபோது சிலையருகே வேறு யாரும் இருக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் ஓடிவந்து, கால் எங்கே என்று கேட்பது போல நிலத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, தாய் கூப்பிட ஓடிப்போனது. சின்னக் குன்றிலிருந்து பார்த்தால் பெரிய குன்றின் மதிலுக்கு மேலால் தம்பியின் தலையும் தோளும் தெரிகின்றன.